குளத்தைக் காட்டாத வழிகாட்டி

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரலாற்றுச் சின்னங்களை எப்படிப் பார்ப்பது என்று பேசச் சொன்னீர்கள். பெரிய தலைப்பு. நான் இதை ஒரே ஒரு சாலையாகச் சுருக்கிக்கொள்கிறேன். மகாராஷ்டிராவில் ஔரங்காபாத்திலிருந்து எல்லோரா போகிற சாலை. முப்பது கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். பாதி வழியில் தௌலதாபாத் கோட்டை. அதைத் தாண்டினால் சூஃபிகளின் அடக்கத்தலங்கள் நிறைந்த குல்தாபாத். அதை ஒட்டி பௌத்த, இந்து, சமணக் குடைவரைகள் உள்ள எல்லோரா. நகரத்துக்குள்ளேயே பீபி கா மக்பரா. இத்தனையையும் ஒரே நாளில் காட்டிவிட்டு மாலையில் விடுதி வாசலில் இறக்கிவிட கார்களும் தனியார் வழிகாட்டிகளும் காத்திருப்பார்கள்.

என் ஆய்வுக்காக அந்தப் பக்கம் போனபோது நானும் அப்படி ஒருவரை அமர்த்திக்கொண்டேன். வண்டியில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, எந்த ஊர். இரண்டாவது கேள்வி, முழுப் பெயர். பெயரையும் முன்னெழுத்தையும் சொன்னேன். "அது சரி, பின்னால் என்ன வரும்?" என்றார். பின்னால் எதுவும் வராது என்றேன். "மதராசிகளிடம் இதுதான் கஷ்டம்" என்று சிரித்தார்.

அவருக்கு ஏன் கஷ்டம்? அங்கே பெயரின் பின்னொட்டைச் சொன்னால் மதம் தெரிந்துவிடும். பெரும்பாலும் சாதியும் தெரிந்துவிடும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு நம் ஊரில் பலரும் பெயருக்குப் பின்னால் இருந்த வாலை வெட்டிக்கொண்டார்கள். சாதியை வெட்டினோமா என்பது வேறு கேள்வி. ஆனால் அன்று அந்த வழிகாட்டிக்கு எனக்கு எந்தக் கதையைச் சொல்வது என்று தெரியாமல் போனது. மதியம் சாப்பிடும்போது அவரே சொன்னார்: "ஆளுக்குத் தகுந்த கதையைச் சொன்னால்தான் சார், கடைசியில் கை நிறையும்." நேர்மையான மனிதர். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சுற்றுலாக் காலம் முடிந்தால் வேலையும் கிடையாது. வழியில் ஹிம்ரூ சால்வைக் கடையில் வண்டியை நிறுத்தினால் கிடைக்கிற கழிவும் சேர்ந்ததுதான் அவர் வருமானம். அவரைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. அவரிடம் இருந்த கதைகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மொத்தம் மூன்று கதைகள்.

முதல் கதை இந்துக் குடும்பங்களுக்கானது. எல்லோராவின் 16ஆவது குடைவரையான கைலாசநாதர் கோயிலில் இது சொல்லப்படும். எட்டாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், மலையை மேலிருந்து கீழாக வெட்டி எடுத்த கோயில். நம் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்கும் பட்டடக்கல் விருபாட்சர் கோயிலுக்கும் உறவான திராவிடக் கட்டட மரபு. இதுவரை சரி. அடுத்து வரும்: ஔரங்கசீப் ஆயிரம் ஆட்களை அனுப்பினான், மூன்று வருடம் உடைத்தும் முடியாமல் திரும்பிப் போனான். உடைந்த ஒரு யானையைக் காட்டினால் கதை நிரூபணமாகிவிடும்.

இதற்கு எந்த வரலாற்று ஆதாரமும் இல்லை. ஔரங்கசீப்பின் கடிதம் ஒன்றில் எல்லோரா வருகிறது. இறைவனின் கைவண்ணத்தில் உருவான அதிசயங்களில் ஒன்று என்று வியந்து எழுதுகிறார். அதே ஔரங்கசீப் 1669இல் காசி விசுவநாதர் கோயிலை இடிக்க ஆணையிட்டதும் வரலாறுதான். இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குப் பெயர் வரலாறு. ஒன்றை மறைத்து மற்றொன்றைப் பெருக்கினால் அது தேர்தல் பிரச்சாரம். அந்தப் பிரச்சாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025 மார்ச்சில் பார்த்தோம். குல்தாபாத்தில் திறந்த வெளியில் கிடக்கும் ஔரங்கசீப்பின் எளிய கல்லறையை அகற்ற வேண்டும் என்ற கூச்சல் நாக்பூரில் வன்முறையாக வெடித்தது. 1707இல் செத்துப்போன ஒருவருக்காக 2025இல் உயிரோடு இருப்பவர்களின் வண்டிகள் எரிந்தன.

இரண்டாவது கதை முஸ்லிம் குடும்பங்களுக்கானது. குல்தாபாத் சூஃபிகளின் கருணை, தொப்பி தைத்த காசில் தன் கல்லறைச் செலவை முடித்துக்கொண்ட பேரரசரின் எளிமை என்று அது போகும்.

மூன்றாவது கதை வெளிநாட்டவருக்கும் என்னைப் போல் பின்னொட்டு இல்லாதவர்களுக்கும். ஒற்றுமைக் கதை. எல்லோராவில் 1 முதல் 12 வரை பௌத்தம், 13 முதல் 29 வரை இந்து, 30 முதல் 34 வரை சமணம். மூன்று மதங்களும் ஒரே மலையில் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தன. ஔரங்கசீப்பின் மனைவி தில்ரஸ் பானு பேகத்துக்காகக் கட்டிய பீபி கா மக்பராவில் கட்டடக் கலைஞர் அதாவுல்லா, பொறியாளர் ஹன்ஸ்பத் ராய் என்று இரண்டு பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. "இதுதான் சார் இந்தியா" என்று வழிகாட்டி முடிப்பார்.

தோழர்களே, இந்த மூன்றாவது கதை நமக்குப் பிடித்த கதை. முதல் கதைக்குப் பதிலாக நாம் உடனே எடுத்து நீட்டுவதும் இதைத்தான். அதில் சொல்லப்படுவது பொய் இல்லை. ஆனாலும் என் சந்தேகம் இந்த மூன்றாவது கதை மீதுதான். ஏனென்றால் மூன்று கதைகளுக்கும் அடித்தளம் ஒன்றே. மூன்றிலும் மன்னர்கள் இருக்கிறார்கள், மதங்கள் இருக்கின்றன. சண்டை போட்டார்களா, கைகோத்துக்கொண்டார்களா என்பதில் மட்டும்தான் வேறுபாடு. சாதி என்ற சொல் மூன்றிலும் ஒருமுறைகூட வராது.

கைலாசநாதர் கோயிலையே எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு செப்பேடு பரோடாவில் கிடைத்தது. இந்தக் கோயிலைச் செய்து முடித்த சிற்பியே, இதை நான் எப்படிச் செய்தேன் என்று திகைத்துப்போனதாக அது பாடுகிறது. அழகான கற்பனை. அந்தச் சிற்பியின் பெயர் மட்டும் அதில் இல்லை. மன்னனின் பெயர், வம்சம், கொடை எல்லாம் இருக்கின்றன. மலையை வெட்டி இறக்கியவர்கள், வெட்டிய கல்லை அப்புறப்படுத்தியவர்கள், உளியைத் தீட்டிக் கொடுத்தவர்கள், வேலை செய்தவர்களுக்குத் தண்ணீர் சுமந்தவர்கள் யாருக்கும் அதில் இடமில்லை. மக்பராவிலும் இதே நிலைதான். இரண்டு பெயர்கள் பொறிக்கப்பட்டதே அபூர்வம். அந்த இரண்டும் மேற்பார்வை பார்த்தவர்களின் பெயர்கள்.

இனி தௌலதாபாத் கோட்டைக்குப் போவோம். வழிகாட்டிகளுக்கு இங்கே சொல்ல நிறைய இருக்கிறது. தேவகிரி யாதவர்களின் தலைநகரம். 1296இல் அலாவுதீன் கில்ஜியின் படையெடுப்பு. 1327இல் முகமது பின் துக்ளக் டெல்லியிலிருந்து தலைநகரத்தை மாற்றிய கதை. கோயில் தூண்களை வைத்துக் கட்டிய பழைய மசூதி, இப்போது உள்ளே பாரத மாதா சிலை. ஐதராபாத் சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைக்கப்பட்ட பிறகு வைக்கப்பட்டது. எதிரே சாந்த் மினார். பிறகு எதிரிகளைக் குழப்ப வெட்டிய இருட்டுச் சுரங்கப் பாதை. அங்கே டார்ச்சை அணைத்துவிட்டுக் குழந்தைகளைப் பயமுறுத்துவார்கள். இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

அந்த இரண்டு மணி நேரத்தில் 1934 வரவில்லை.

1934இல் பாபாசாகேப் அம்பேத்கர் சுமார் முப்பது தோழர்களோடு சுற்றுலா வந்தார். எல்லோராவின் பௌத்தக் குடைவரைகளைப் பார்ப்பது அவர்களின் திட்டம். நாம் போகிற அதே சாலை. அவர் அப்போது கொலம்பியாவிலும் லண்டனிலும் முனைவர் பட்டம் வாங்கியவர், பாரிஸ்டர், வட்டமேசை மாநாடுகளில் பேசியவர், பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். அப்படிப்பட்டவர் இந்தப் பயணத்தை வெளியே அறிவிக்கவில்லை. தீண்டப்படாத பயணிக்கு வழியில் வரும் தொல்லைகளைத் தவிர்க்க நினைத்தார்கள். தங்கும் ஊர்களில் இருந்த தம் மக்களுக்கு மட்டும் தகவல் சொல்லியிருந்தார்கள்.

தௌலதாபாத் ஊர் எல்லையில் அந்த மக்கள் காத்திருந்தார்கள். முதலில் தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றார்கள். பொழுது சாய்வதற்குள் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும், திரும்பி வரும்போது குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு வண்டிகள் கிளம்பின. ரமலான் மாதம். கோட்டை வாசலுக்கு வெளியே நிறைந்து கிடந்த சிறு குளம். உடம்பெல்லாம் புழுதி. சிலர் அந்தக் குளத்துத் தண்ணீரில் முகம் கைகால் கழுவிக்கொண்டார்கள். பிறகு உள்ளே போக அனுமதி கேட்டு நின்றார்கள். பின்னாலிருந்து ஒரு முதியவர், இவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று சாதியைச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார். கூட்டம் சேர்ந்தது. எல்லாரும் முஸ்லிம்கள்.

நாங்கள் வெளியூர், இந்த ஊர் வழக்கம் எங்களுக்குத் தெரியாது என்று இவர்கள் சொன்னார்கள். உடனே கூட்டத்தின் கோபம் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்த உள்ளூர் தீண்டப்படாத மக்கள் மேல் திரும்பியது. வெளியூர்க்காரர்களுக்கு நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று அவர்களைத் திட்டினார்கள். அவரவர் தம் மதத்தின்படி நடக்க வேண்டும் என்று ஓர் இளைஞர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொறுமையிழந்த அம்பேத்கர் அவரிடம் கேட்டார்: இதைத்தான் உங்கள் மதம் கற்பிக்கிறதா? இதே ஆள் முஸ்லிமாக மாறிவிட்டால் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுப்பீர்களா? பதில் வரவில்லை. காவலரிடம் திரும்பி, உள்ளே விடுவீர்களா மாட்டீர்களா என்று கேட்டார். காவலர் பெயரைக் கேட்டார். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். தாள் உள்ளே போய் வந்தது. கோட்டையைப் பார்க்கலாம், ஆனால் உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது. தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாய் கூடவே அனுப்பப்பட்டார்.

இதை அவரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1990இல் மக்கள் கல்விக் கழகம் அதைச் சிறு நூலாக வெளியிட்டது.

இந்த நிகழ்ச்சியில் என்னை உறுத்துவது உள்ளூர் மக்கள் வாங்கிய வசவு. கோட்டையின் வரலாற்றைச் சொல்லவில்லை என்று யாரும் அவர்களைத் திட்டவில்லை. எதைத் தொடக் கூடாது என்று சொல்லவில்லையாம். சாதிச் சமூகம் ஒடுக்கப்பட்டவருக்குத் தரும் வழிகாட்டி வேலை அதுதான். நம் பாட்டிகளும் அம்மாக்களும் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். இந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள், அந்தக் கிணற்றுப் பக்கம் போகாதே, அந்தக் கடையில் டம்ளரைத் தொடாதே என்று பிள்ளைகளுக்கு வழி காட்டினார்கள். ஊர் வழிகாட்டியாக இல்லாதபோது அரசு துப்பாக்கியோடு ஒருவரை அனுப்பியது. உலகப் புகழ்பெற்ற அந்தக் கோட்டையை அம்பேத்கர் பார்த்தபோது அவருக்கு வாய்த்த வழிகாட்டி அந்தச் சிப்பாய்தான்.

இன்னொன்று. அம்பேத்கரின் பெயர் உள்ளே போனது, அனுமதி வெளியே வந்தது. வாசலில் வசவு வாங்கியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர் வண்டியேறிப் போய்விட்டார். அவர்கள் அதே ஊரில்தான் மறுநாளும் தண்ணீர் தேடியிருப்பார்கள்.

இதை இங்கே சொல்லும்போது ஓர் ஆபத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "பார்த்தீர்களா, முஸ்லிம்களும் அப்படித்தான்" என்று இதை மட்டும் வெட்டி எடுத்துப் பகிர ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது, அந்த நூலை முழுவதும் படியுங்கள். சிறியதுதான், ஒரு மணி நேரம் போதும். அதில் வரும் அவருடைய சொந்த அனுபவங்கள் நான்குமே ஊர்விட்டு ஊர் போன இடத்தில் நடந்தவை. 1901இல் தந்தையைப் பார்க்க ரயிலேறிப் போன சிறுவனுக்கு வழியெல்லாம் தண்ணீர் கிடைக்கவில்லை, மறுத்தவர்கள் இந்துக்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பி பரோடாவில் வேலைக்குப் போனவரைத் தடியோடு வந்து விடுதியிலிருந்து துரத்தியவர்கள் பார்சிகள். 1929இல் சாலிஸ்கானில் அவருக்கு வண்டியோட்ட மறுத்தவர்கள் குதிரை வண்டிக்கார இந்துக்கள். கடைசியாக தௌலதாபாத். மதம் மாறிக்கொண்டே இருக்கிறது. தீட்டு மட்டும் மாறவில்லை. அவர் சொல்ல வந்தது அதைத்தான்.

முஸ்லிம்களுக்குள்ளும் சாதி இருப்பதைப் பின்னாளில் பாகிஸ்தான் பற்றிய நூலில் அவர் விரிவாக எழுதினார். அஷ்ரஃப், அஜ்லஃப், அர்சல் என்ற அடுக்குகளை எடுத்துக்காட்டினார். இன்று பஸ்மாந்தா முஸ்லிம்கள் எழுப்பும் குரலும் அதே கேள்வியிலிருந்துதான் வருகிறது. மசூதியை இடிப்பவர்களுக்கு எதிராக முஸ்லிம்களோடு நிற்பது நம் கடமை. அதற்காக தௌலதாபாத் குளத்தை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் பஸ்மாந்தா தோழர்களைத்தான் முதலில் கைவிடுகிறோம்.

அந்தச் சாலையில் தண்ணீருக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணம் வந்து, அகமதுநகர் சுல்தான்களின் ஆட்சியையே கையில் வைத்திருந்தவர் மாலிக் அம்பர். 1610இல் கட்கி என்ற நகரை அமைத்தார். அதுதான் பிறகு ஔரங்காபாத் ஆனது. அங்கே நிலத்தடி வாய்க்கால்களால் தண்ணீர் கொண்டுவந்தார். நஹ்ர்-எ-அம்பரி என்று அவர் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள். குல்தாபாத்தில் அவர் கல்லறையும் இருக்கிறது. ஔரங்கசீப் கல்லறையில் நின்ற எங்கள் வண்டி அங்கே நிற்கவில்லை. கேட்டதற்கு, "யாரும் கேட்பதில்லை சார்" என்றார் வழிகாட்டி. நகரத்தின் பெயரை மாற்றும் சண்டையில் ஔரங்கசீப்பா, சாம்பாஜியா என்று நூறு குரல்கள். ஊரை அமைத்த கறுப்பின அடிமையின் பெயர் என் காதில் விழவில்லை.

பெயர் மாற்றம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஔரங்காபாத்துக்கு சத்ரபதி சாம்பாஜிநகர் என்ற பெயர் 2023இல் அதிகாரப்பூர்வமானது. அரசு நினைத்தது, நடந்தது. அதே நகரத்தில் ஒரு பல்கலைக்கழகம். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரை வைக்க 1978 ஜூலையில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உடனே மராத்வாடா முழுக்க தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, வீடுகள் கொளுத்தப்பட்டன, ஆட்கள் கொல்லப்பட்டார்கள். நாமாந்தர் போராட்டம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1994 ஜனவரி 14 அன்றுதான் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது. அதுவும் பழைய பெயரை முழுதாக விடாமல். அந்தப் பல்கலைக்கழகம் மக்பராவுக்கு அருகில்தான். 1950இல் அம்பேத்கர் தொடங்கிய மிலிந்த் கல்லூரியும் அதே நகரத்தில்தான். நிஜாம் ஆட்சியில் எந்த மண்ணில் தண்ணீரைத் தொட விடவில்லையோ, அங்கே பதினாறு ஆண்டுகள் கழித்து அவர் கல்லூரி திறந்தார். என்னைக் கேட்டால் அந்த நகரத்தில் பார்க்க வேண்டிய முதல் வரலாற்றுச் சின்னம் அந்த வளாகம்தான். ஒருநாள் சுற்றுலாப் பட்டியலில் அது இல்லை.

இது மராட்டியத்தின் பிரச்சினை மட்டுமல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் நிழல் கதையையும் உச்சிக்கல் கதையையும் கேட்காமல் திரும்ப முடியாது. அதே கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, வரியில் சேராத நிலங்களைப் பட்டியல் போடும்போது பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் பறைச்சுடுகாட்டையும் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லிலேயே இருக்கிறது. நம் பெருமைப் பேச்சில்தான் அதற்கு இடமில்லை.

அப்படியானால் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டுமா? வேண்டாம். அமர்த்துங்கள், கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஆனால் கேளுங்கள். இதைக் கட்டச் சொன்னவர் யார் என்று அவரே சொல்லிவிடுவார். வெட்டியவர், சுமந்தவர் யார் என்று நீங்கள் கேளுங்கள். இங்கே தண்ணீர் எங்கிருந்து வந்தது, யாருக்குக் கிடைத்தது? எந்த வாசல் வரை யார் வரலாம், அந்த வழக்கம் எப்போது, யார் போராடி மாறியது? தெரியாது என்று சொன்னாலும் பரவாயில்லை. நான் 1934 பற்றிக் கேட்டபோது எங்கள் வழிகாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியும் சார். ஏப்ரலிலும் டிசம்பரிலும் நீலக் கொடியோடு வருகிறவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு மட்டும் சொல்வேன்" என்றார். ஆக, அவரிடம் நான்காவதாக ஒரு கதை இருந்தது. அதைக் கேட்கிறவர்கள் ஒரே சாதியினராக இருப்பதுதான் சிக்கல். அந்தக் கதையை மற்றவர்களும் கேட்டால் அவர் மற்றவர்களுக்கும் சொல்வார். சந்தைக்கு ஏற்ற சரக்கு என்று அவரே சொல்லிவிட்டாரே.

அடுத்தது நம் வேலை. இங்கே வரலாறு, தொல்லியல் படிக்கிற தோழர்கள் இருக்கிறீர்கள். நம் ஆய்வேடுகள் நூலகத்தில் தூசி பிடிக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஆயிரம் ஆட்கள் கதை ஓடுகிறது. உங்கள் ஊர்க் கோயில், மசூதி, கோட்டை, குளம் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டைப் படியுங்கள். நுழைவுப் போராட்டம் நடந்ததா என்று பழைய செய்தித்தாளில் தேடுங்கள். சேரியிலும் முஸ்லிம் தெருவிலும் இருக்கிற பெரியவர்களிடம் பேசுங்கள். மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பேரை அழைத்துக்கொண்டு நடந்து காட்டுங்கள். வழிகாட்டி உரிமத் தேர்வு வந்தால் நம் பிள்ளைகளை எழுத வையுங்கள். எங்கே தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் வேலையை நம் முன்னோர்மேல் சுமத்தினார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும் வேலையை நாம் எடுத்துக்கொள்வோம்.

1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தவர் அம்பேத்கர். ஏழு ஆண்டுகள் கழித்து தௌலதாபாத்தில் இன்னொரு குளம். மகாடுக்கு ஒவ்வொரு ஆண்டும் மக்கள் திரண்டு போகிறார்கள். தௌலதாபாத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் தினமும் போகிறார்கள். அந்த வாசலில் கோட்டைக்கு டிக்கெட் வாங்குவதற்கு முன், பக்கத்தில் நிற்பவரிடம் 1934இல் இங்கே என்ன நடந்தது தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால் நீங்கள் சொல்லுங்கள்.